பூட்டாமல் போன பதினேழு நிமிடங்கள்

அந்தக் கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் அவளை எல்லோரும் ‘ஷார்ட்கட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் குறுக்குவழி தேடுகிறவள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. அவள் மவுஸைத் தொடமாட்டாள். முதல் வேலையில் சேர்ந்த புதிதில் அவளுடைய மவுஸ் செத்துப்போனது. வேறொன்று தாருங்கள் என்று மூன்று வாரம் கேட்டும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, உங்கள் மவுஸும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டாள். அந்த ரோஷம் பதினோரு வருடமாக அவள் விரல் நுனியில் இருந்தது.

அவள் வேலை அறுவைசிகிச்சைப் பட்டியல் போடுவது. யாருக்கு எந்தத் தேதி, எந்தக் கண், எந்த டாக்டர், துணைக்கு யார் வருகிறார்கள் எல்லாம் அவள் கையில். பக்கத்து மேசைக்காரி ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இவள் நாலு பேருக்குத் தேதி கொடுத்திருப்பாள். கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் பெயர் வந்து நிற்கும். ஆல்ட்டும் டேபும் அழுத்தினால் பட்டியலுக்கும் கடிதத்துக்கும் தாவலாம். கன்ட்ரோலும் இசட்டும் சேர்ந்தால் செய்த தப்பு இல்லாமல் போய்விடும். “வாழ்க்கையில இல்லாதது இது ஒண்ணுதான்” என்று சிரிப்பாள். எல்லாருக்கும் சொல்லியும் கொடுப்பாள். குறிப்பாக ஒன்றைச் சொல்லிச் சொல்லி எல்லாருடைய காதும் புளித்துப்போயிருந்தது.

“விண்டோஸ் பொத்தானும் எல்லும். ரெண்டையும் சேர்த்து ஒரு தட்டு. தண்ணி குடிக்கப் போனாலும் சரி, எந்திரிச்சா பூட்டிட்டுத்தான் எந்திரிக்கணும். வீட்டைத் திறந்து போட்டுட்டா கடைக்குப் போவீங்க?”

எட்டுத் திரைகளின் ஓரத்திலும் இதையே எழுதி ஒட்டியிருந்தாள். அப்படிப்பட்டவளுடைய பெயர்தான், ‘திரையைப் பூட்டாமல் சென்ற ஊழியர்’ என்று ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அறிவிப்புப் பலகையில் தொங்கியது.

நடந்தது இதுதான்.

முந்தைய நாள் வியாழக்கிழமை, பதினொன்று பத்துக்கு நிர்வாக அதிகாரி அவள் மேசைக்கு வந்து நின்றார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, எதைச் சொன்னாலும் அவசரம்.

“ஏம்மா, கீழே மருந்துப் பிரிவுல பிரிண்டர் வேலை செய்யலையாம். கூட்டம் கத்துது. நீங்க போனாத்தான் ஆகும்.”

“சிஸ்டம் ஆள் இல்லையா சார்?”

“அவர் வர அரை மணி நேரம் ஆகும். போங்கம்மா.”

அவள் எழுந்தாள். எழும்போதே விரல்கள் தாமாகப் பொத்தானுக்குப் போயின.

“பூட்டாதீங்க. செவ்வாய்க்கிழமை பட்டியலை நான் ஒரு தடவை பார்க்கணும். பெரிய டாக்டர் கேட்டாங்க. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். கேட்டவர் மேலதிகாரி, திரையைப் பூட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ‘உங்களை நம்ப மாட்டேன்’ என்று அவரிடம் எப்படிச் சொல்வது? விட்டுவிட்டுப் போனாள். கீழே பிரிண்டருக்கு ஒன்றும் இல்லை. காகிதம் கோணலாகச் சிக்கியிருந்தது. பதினொன்று இருபத்தேழுக்குத் திரும்பினாள். நாற்காலி காலி. திரை அப்படியே திறந்து கிடந்தது. அவர் போய்விட்டிருந்தார். ‘இருப்பேன்னு சொன்ன மனுஷன் பாரு’ என்று முணுமுணுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி அன்று விடுப்பு. மற்ற மேசைக்காரர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரம், பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு தையல்காரம்மா மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணில் புரை முற்றிப்போய், இன்னொன்றிலும் ஆரம்பித்திருந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்று மாதமாகக் கடையைச் சாத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தவர். மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தடவி வந்தவர், மேசை முன்னால் வந்ததும் குரலை உயர்த்தினார்.

“எனக்குத் தேதி போடறது யாரு? நீதானா?”

“ஆமாம்மா. உட்காருங்க, என்ன விஷயம்?”

“உட்கார வரலை. நான் எப்பம்மா தள்ளிப்போடச் சொன்னேன்? ‘தாங்கள் கேட்டுக்கொண்டபடி தேதி மாற்றப்பட்டது’ன்னு ஃபோன்ல வருது. என் பொண்ணு படிச்சுச் சொல்றா. ஆறு வாரமாம்! ஆறு வாரம் நான் சுவரைத் தடவிக்கிட்டு நிக்கணுமா? யாருக்காகத் தூக்கின என் பேரை?”

அவள் பட்டியலைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை வரிசையில் ஏழாவது இடத்தில் தையல்காரம்மா இல்லை. அங்கே வேறு ஒரு பெயர், எழுபது வயது. மாற்றிய நேரம் வியாழன் பதினொன்று பத்தொன்பது. மாற்றியவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். காரணம்: ‘நோயாளி தரப்பில் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டனர்.’

பதினொன்று பத்தொன்பதுக்கு அவள் கீழே பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். 

நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நேத்து என் சீட்ல நீங்கதானே சார் உட்கார்ந்திருந்தீங்க?”

“நானா? நான் உங்களைக் கீழே போகச் சொன்னேன். அதோட என் ரூமுக்கு வந்துட்டேன்.”

“பூட்டாதீங்கன்னு சொன்னீங்களே!”

“நான் ஏம்மா அப்படிச் சொல்லப் போறேன்? பூட்டணும்னு சர்க்குலர் போட்டவனே நான்தான்.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “திறந்து போட்டுட்டுப் போயிருக்கீங்க. எவனாவது வந்து கை வச்சிருப்பான். இல்ல, நீங்களே யாருக்காவது...” வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். முடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

சிஸ்டம் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, “உங்க லாகின்ல இருந்துதான் போயிருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று கைகழுவிவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு மெமோ வந்தது. கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து. நோயாளியின் தேதி முறைகேடாக மாற்றப்பட இடம் கொடுத்தது, அலட்சியம், விசாரணை முடியும்வரை பட்டியல் பணியிலிருந்து நீக்கம், தரைத்தளத்தில் பழைய கோப்புகள் தேடித் தரும் இடத்தில் பணி. இது போதாதென்று, ‘மற்ற ஊழியர்களுக்குப் பாடமாக இருக்கட்டும்’ என்று அதன் நகல் ஒன்றை அதிகாரி அறிவிப்புப் பலகையில் குத்தினார். நாலு மூலைக்கும் நாலு குண்டூசி.

அதைப் படித்தவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாதிப் பேர் பாவம் என்றார்கள். மீதிப் பேர், “எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாங்களே” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் சுட்டது.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். கணவன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், எதற்கும் பதறாதவன். சோப்புப் போட்டு விரலிடுக்குக் கரியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, “விடு. ஒரு மெமோதானே? நாலு நாள்ல மறந்துடுவாங்க” என்றான்.

“ஒரு மெமோதானேவா? உன் பட்டறையில நீ வெட்டாத துண்டை நீ வெட்டினன்னு எழுதி வாசல்ல மாட்டினா, நீ நாலு நாள் பொறுப்பியா?”

அவன் கையைத் தேய்ப்பதை நிறுத்தினான். “பொறுக்க மாட்டேன்” என்றான்.

பத்தாவது படிக்கும் மகள்தான் மெல்லக் கேட்டாள்: “ஆனா அம்மா, நீ பூட்டாமத்தானே போன?”

 உண்மைதான். அவர் சொன்னார், இவள் கேட்டாள். பிறத்தியார் மேல் வந்த கோபத்தில் ஒரு பிடி எடுத்துத் தன் மேலேயும் போட்டுக்கொண்டு, அன்று பாத்திரங்களையெல்லாம் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

சனிக்கிழமை முழுக்கத் தரைத்தளத்தில் தூசி தட்டினாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அதிகாரியை ஒரு முறை திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து மேசைக்காரி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். பட்டியல் வேலையை இப்போது அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

“அக்கா, ஒரு உதவி. நீங்க ஒரே தட்டுல போடுவீங்களே, ‘காலை ஏழு மணிக்கு வரவும், துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும்’னு, அந்த வாசகமெல்லாம் எங்க இருக்கு? நான் ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நாளைக்குப் பன்னிரண்டு பேர்.”

“என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. யாராவது அணைச்சாங்களா அதை?”

“யாரும் தொடலை. நீங்க பூட்டிட்டுப் போனது அப்படியேதான் இருக்கு.”

வெள்ளிக்கிழமை மெமோவைக் கையில் வாங்கிய ஆத்திரத்திலும் அவள் திரையைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். இப்போது மேலே போய்க் கடவுச்சொல்லைப் போட்டாள். தினம் தேவைப்படும் வாசகங்களை அவள் வைத்திருந்தது நகலெடுத்தவற்றின் நினைவில். கன்ட்ரோலும் சியும் அழுத்தி நகலெடுத்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கும். விண்டோஸ் பொத்தானும் வியும் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறந்து அத்தனையும் காட்டும். வேண்டியதை எடுத்து ஒட்டலாம். அந்த வசதியை அவள் எப்போதோ முடுக்கிவைத்திருந்தாள். அந்த மாடியில் வேறு யாருக்கும் அது தெரியாது.

பெட்டி திறந்தது. கீழ்நோக்கி அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாள். ஏழு மணிக்கு வரவும். துணைக்கு ஒருவர். கண்ணாடியைக் கொண்டுவரவும். அப்புறம் ஒன்று.

‘அத்தான், அம்மாவோட பதிவு எண் 40617. ரெண்டு மாசம் காத்திருக்கச் சொல்றாங்க. நீங்க அங்க இருந்தும் இப்படியான்னு அக்கா அழறா. வர்ற செவ்வாய்க்குள்ள எப்படியாவது உள்ள நுழைச்சிடுங்க. பெரிய டாக்டர் கையாலதான் பண்ணணும். யாருக்கும் தெரிய வேண்டாம்.’

அதை ஒட்டி இன்னொன்று: ‘நோயாளி தரப்பில் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டனர்.’

அவள் இரண்டு முறை படித்தாள். விஷயம் தெளிவாக இருந்தது. தன் மெயிலை இவள் கம்ப்யூட்டரில் திறந்து, மச்சினனோ மச்சினியோ அனுப்பியதை முழுசாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்திருக்கிறார். எண்ணை மட்டும் எடுக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு மிச்சத்தை அழித்திருக்கிறார். மெயிலை மூடிவிட்டுப் போனவருக்கு, கம்ப்யூட்டர் இதை விழுங்கி வைத்திருக்கும் என்று தெரியாது.

“அக்கா, யாரோட அத்தான்?” என்றாள் பக்கத்து மேசைக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. அடுத்த வரியைப் படித்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். “அடப் பாவி மனுஷா!”

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இந்த நினைவு போய்விடும்; இரவிலும் பூட்டுவாளே தவிர அவள் அணைப்பதில்லை. அவள் அந்த இரண்டையும் அழியாதபடி அந்தப் பெட்டியிலேயே குத்திவைத்தாள். பிறகு திரையைப் பூட்டினாள். “நான் வர்ற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காதே. யார் சொன்னாலும் சரி. முக்கியமா அவர் சொன்னா.”

பெரிய டாக்டர் ஒரு அறுவைசிகிச்சை முடித்து, பச்சைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய அம்மாள். அதிகம் பேசமாட்டார்.

“மேடம், அஞ்சு நிமிஷம் என் மேசைக்கு வாங்க.”

“விசாரணையில சொல்லலாமே.”

“விசாரணை எப்போன்னு யாரும் சொல்லலை மேடம். ஆபரேஷன் நாளைக்கு. அதுக்குள்ள ஒருத்தருக்குக் கண் போகாது, ஆனா நியாயம் போயிடும்.”

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படியேறினார்.

செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடிப்போயிருக்க வேண்டும். மேசைக்குப் போனபோது நிர்வாக அதிகாரி அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

“இந்தம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க மேடம்” என்றார் அதிகாரி. “சஸ்பெக்ட் மெஷின் இது. அணைச்சு வைக்கணும்னு சொல்றேன்.”

“மூணு நாளா அணைக்கணும்னு தோணலையே சார்” என்றாள் அவள். கடவுச்சொல்லைப் போட்டாள். விண்டோஸ் பொத்தான், வி. பெட்டி திறந்தது.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். வாசகத்தின் கடைசி வரிக்கு வரும்போது அவருடைய உதடு இறுகியது.

“இதை இவங்களே அடிச்சு வச்சிருக்கலாம்” என்றார் அதிகாரி. குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது. “இவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்ல எல்லா வித்தையும் தெரியுமே!”

அவள் நாக்கில் ஆயிரம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர்தான் பேசினார்.

“அப்படியும் இருக்கலாம். உங்க மெயிலைத் திறங்க. இங்கேயே. அதுல இது இல்லைன்னா நான் இவங்களை வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“அது... அது பர்சனல் மேடம்.”

“என் மேசையில உட்கார்ந்து திறந்தப்போ பர்சனல் இல்லையா சார்?” அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “என் பேர்ல ஒரு அம்மாவோட கண்ணைத் தள்ளி வச்சப்போ பர்சனல் இல்லையா? என் பேரை எடுத்து நாலு குண்டூசி குத்தி மாட்டினீங்களே, அது பர்சனல் இல்லையா?”

 அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார், மெயிலைத் திறக்கவில்லை.

“என் ரூமுக்கு வாங்க” என்றார் டாக்டர் அவரிடம். பிறகு இவளிடம், “அந்தத் தையல்காரம்மாவை மறுபடி ஏழாவதுல போடுங்க. பன்னிரண்டுதான், அதுக்கு மேல என் கை தாங்காது. அந்த இன்னொருத்தர் அவங்க முறையில வரட்டும். மெமோவைக் கிழிச்சுப் போட்டுடுங்க.”

“கிழிக்க மாட்டேன் மேடம்.”

போகத் திரும்பிய டாக்டர் நின்றார்.

“எழுத்துலதானே குடுத்தீங்க? திரும்ப வாங்கறதும் எழுத்துல இருக்கணும். அதே பலகையில. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம கையெழுத்துப் போட்டீங்க. கேட்டிருந்தா வியாழக்கிழமை நடந்ததை அன்னைக்கே சொல்லியிருப்பேன். பூட்டாம போனது நான்தான், அதை இல்லைன்னு சொல்லலை. பூட்டாதேன்னு சொன்னது யாருன்னும் அதுல இருக்கணும்.”

பக்கத்து மேசைக்காரி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள், போதும் என்று. அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

 “கேட்டிருக்கணும்” என்றார் டாக்டர். “எழுதிட்டு வாங்க. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்.”

“நான் எழுதக் கூடாது மேடம். நீங்கதான் எழுதணும்.”

அன்று மாலை நாலரை மணிக்கு அது வந்தது. மெமோ திரும்பப் பெறப்படுகிறது. திரையைத் திறந்து வைக்கும்படி ஊழியரிடம் சொன்னது நிர்வாக அதிகாரி. எந்தப் பதவியில் இருப்பவரும் இன்னொருவரிடம் அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டாலும் ஊழியர் இணங்க வேண்டியதில்லை. பழைய தாளை எடுத்துவிட்டு அதை அவளே குத்தினாள். இரண்டு குண்டூசி போதுமானதாக இருந்தது.

தையல்காரம்மாவின் மகளுக்கு ஃபோன் செய்து சொன்ன பிறகு, அதிகாரியின் மாமியாருக்கும் அவள்தான் ஃபோன் செய்ய வேண்டியிருந்தது. எரிச்சலோடுதான் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் நடுங்கும் குரல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என் முறை எப்போம்மா?” என்றது.

“ஏழு வாரம் ஆகும்மா.”

“சரிம்மா. முன்னாடியே வேணும்னு நான் கேட்கவே இல்லையே. இவங்களாப் பண்ணினது. இன்னொருத்தர் இடமாமே அது?”

 “நீங்க கவலைப்படாதீங்க. தேதி தவறாது. நான்தான் பார்க்கறேன்” என்று வைத்தாள். அந்த வீட்டில் இந்த ஒருவர் மேல் கோபப்பட முடியாமல் போனது அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அதிகாரிக்கு என்ன ஆயிற்று? பத்து நாள் விடுப்பு. பிறகு பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பொருள் கிடங்குக்கு மாற்றம், அதே பதவி, அதே நாற்காலி. ஏசி மட்டும் கொஞ்சம் சின்னது என்றார்கள். “அவ்வளவுதானா? நான் தூசி தட்டின மாதிரி ஒரு நாள் தட்ட வைக்கக் கூடாதா?” என்று அவள் கணவனிடம் கேட்டாள். இந்த முறை அவன் ‘விடு’ என்று சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து அரை மணி நேரம் திட்டினான். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்த அடுத்த வாரம் தையல்காரம்மா பரிசோதனைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மேசை முன்னால் நின்று அவளையே உற்றுப் பார்த்தார்.

“நீதானா? அன்னைக்கு மங்கலாத் தெரிஞ்ச. இன்னும் தடியா இருப்பன்னு நினைச்சேன்.”

“இப்ப எப்படித் தெரியுதும்மா?”

“உன் சட்டையில கழுத்துப் பக்கம் தையல் பிரிஞ்சிருக்கு. அதுவரைக்கும் தெரியுது.” கொஞ்சம் தயங்கினார். “அன்னைக்கு உன்கிட்டப் போய்க் கத்திட்டேன்.”

“கத்தினது சரிதாம்மா. ஆள்தான் மாறிப்போச்சு.”

தையல்காரம்மா தலையாட்டினார். அவருக்கு இரண்டாவது கண்ணுக்கும் ஒரு தேதி வேண்டியிருந்தது. அவள் பட்டியலைத் திறந்து, வரிசையில் அடுத்த இடம் எதுவோ அதைக் கொடுத்தாள்.